கிளட்ச் கைவிட்ட ஆவணி

என் தொழில் மணப்பெண் அலங்காரம். வீடு திருக்காட்டுப்பள்ளியில், வேலை தஞ்சாவூர், கும்பகோணம், பட்டுக்கோட்டை என்று எங்கே முகூர்த்தமோ அங்கே. முதல் ஐந்து வருடங்கள் இரண்டு பெரிய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அலைந்தேன். பெட்டிக்குத் தனி டிக்கெட் கேட்ட கண்டக்டர்களோடு போட்ட சண்டைகளை மட்டும் எழுதினாலே ஒரு புத்தகம் தேறும். ஆறாவது வருடம் ஒரு பழைய டீசல் கார் வாங்கி, ஓட்டவும் கற்றுக்கொண்டேன். என் கணவர் நெல் விவசாயம் பார்க்கிறவர். வரப்பு இடியாமல் டிராக்டரைத் திருப்புவார். கார் என்றால் மட்டும் ஒதுங்கிவிடுவார். அதனால் எங்கள் வீட்டில் கார் முழுக்க என் பொறுப்பு. காற்று, தண்ணீர், டீசல் எல்லாம் நானேதான் பார்த்துக்கொள்வேன்.

அந்த ஆவணியில் எனக்குப் பதினோரு கல்யாணங்கள் வந்திருந்தன. ஒரே மாதத்தில் அத்தனை வந்தது அதுவே முதல்முறை. ஆவணி பிறந்த நான்காம் நாள் காலை தஞ்சாவூருக்குப் போகிற வழியில் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. எனக்கு முன்னால் நாற்றுமுடி ஏற்றிய டிராக்டர். ரயில் கடந்துவிட்டது. கேட் தூக்கப்போகிறார்கள் என்று முதல் கியரைப் போட்டு, கிளட்சை அழுத்தி மிதித்துக்கொண்டு காத்திருந்தேன். பக்கத்தில் என்னோடு வேலை செய்கிறவள் இருந்தாள். முகம் என் பொறுப்பு என்றால் கொண்டையும் புடவைக்கட்டும் அவள் பொறுப்பு. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். மடியில் ஊசி டப்பாவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அக்கா, வண்டி போகுது."

"எங்க போகுது? நான்தான் கிளட்ச மிதிச்சிக்கிட்டு இருக்கேனே."

"அய்யோ, போகுதுக்கா!"

உண்மையிலேயே போய்க்கொண்டுதான் இருந்தது. கிளட்சை மிதித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிட வேண்டும். என் இடது கால் பெடலை அடிவரை அழுத்தியிருக்க, கார் தன் இஷ்டத்துக்கு மெல்ல ஊர்ந்தது. பிரேக்கை ஓங்கி மிதித்தேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. டிரெய்லருக்கு வெளியே தொங்கிய நாற்று நுனிகள் என் பானெட்டில் படுத்துக்கிடந்தன.

பெடலை இரண்டு முறை விட்டு விட்டு மிதித்தேன். உடனே இறுக்கம் வந்துவிட்டது, ஒன்றுமே நடக்காததுபோல. அன்று சாயங்காலம் மண்டபத்து வாசலில் ரிவர்ஸ் போட்டபோது கியர் 'கர்ர்ர்' என்று கத்தியது. பந்தல்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

தஞ்சாவூரில் நான் வழக்கமாக வண்டி விடுகிற மெக்கானிக்கிடம் மறுநாளே போனேன். நாற்பது வயது இருக்கும். கை சுத்தமானவர், பேச்சும் மரியாதையானது. கிளட்சை ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, "பிளேட் போயிருச்சு மேடம். கியர்பாக்ஸ எறக்கணும். மூணு நாள் குடுங்க" என்றார். கொடுத்தேன். அந்த மூன்று நாளும் வாடகைக் காரில் போனேன். புதுப் பிளேட் போட்ட வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவதற்குள், கண்டியூர் திருப்பத்தில் பெடல் மறுபடியும் கீழே இறங்கியது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"பிளேட்டு தேஞ்சா எஞ்சின்தான் உறுமும், வண்டி இழுக்காது. உனக்கு அப்படியா இருந்துச்சு?"

"இல்லங்க. இழுவையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மிதிச்சாலும் விடமாட்டேங்குது, அதான்."

"அப்ப அது பிளேட்டு இல்லியே."

"இத மூணு நாளைக்கு முன்னாடி சொல்லக்கூடாதா?"

"நீ கேக்கலியே."

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. கிளட்சுக்கு இரண்டு விதமான நோய் உண்டு. பிடிக்காமல் போவது ஒன்று, விடாமல் போவது இன்னொன்று. என்னுடையது விடாத நோய். அதற்குப் பிடிக்காத நோயின் மருந்தைக் கொடுத்திருந்தோம்.

மெக்கானிக்கிடம் திரும்பப் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மேலே இருக்கும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார். என் காரில் கிளட்ச் பெடலை மிதித்தால், அந்தச் சிலிண்டருக்குள் ஒரு ரப்பர் வளையம் ஆயிலைத் தள்ளும். ஆயில் குழாய் வழியே போய்க் கீழே கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் இன்னொரு சிலிண்டரைத் தள்ளும். அது கிளட்சை விலக்கும். இதெல்லாம் அன்றுதான் அவர் வாயால் கேட்டேன். புதுச் சிலிண்டர் போட்டதும் பெடல் கல் மாதிரி நின்றது. நான் நிம்மதியாக அடுத்த இரண்டு கல்யாணங்களை முடித்தேன். சிலிண்டர் போட்ட எட்டாம் நாள் பழையபடி இறங்கியது.

மூன்றாம் முறை போனபோது அவர் முகம் மாறிவிட்டது. பானெட்டைத் திறக்கவே இல்லை.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. லேடீஸ் ஓட்டுற வண்டிங்கள்ல இது வர்றதுதான். கிளட்ச் மேலேயே கால வச்சிக்கிட்டு ஓட்டுவீங்க. எத்தன பார்ட்டு மாத்துனாலும் நிக்காது."

ஆறு வருடமாக ஓட்டுகிறேன். அவர் ஒரு நாளும் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து என் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்ததில்லை. பட்டறையிலிருந்து வெளியே வந்தபோது எனக்குக் காது சுட்டது. கிளட்சை மிதிக்கத் தேவையில்லாத நேரமெல்லாம் இடது காலை வேண்டுமென்றே மடக்கி சீட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டே வீடுவரை ஓட்டினேன். பார்க்க யாருமில்லை. எனக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் என் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. தோல் எப்படி, எது ஒத்துக்கொள்ளாது, காதுக்குப் பின்னால் சோதனைக்குத் தடவிய கிரீமுக்குச் சிவந்ததா இல்லையா என்று எழுதிவைப்பேன். அன்று மாலை காருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். தெரிந்ததை எல்லாம் எழுதினேன். மிதித்துப் பிடித்தால் அரை நிமிடத்தில் பெடல் தானாக இறங்குகிறது. விட்டு விட்டு மிதித்தால் திரும்ப வருகிறது. காலையில் பரவாயில்லை, வெயில் ஏறினால் மோசம். ஆனி மாதம் கிளட்ச் ஆயில் குறைந்திருந்தது, கொஞ்சம் ஊற்றினேன். மூன்று நாள் கழித்துச் சேர்த்த கடைசி வரி: பானெட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பாவில் பேனாவால் கோடு போட்டு மூன்று நாள் பார்த்தேன், ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

அந்தக் கடைசி வரிதான் என்னை உறுத்தியது. ஆயில் வெளியே ஒழுகினால் டப்பாவில் குறைய வேண்டும். குறையவில்லை. ஆனால் பெடல் இறங்குகிறது. அப்படியென்றால் ஆயில் உள்ளுக்குள்ளேயே எங்கோ வழி கண்டுபிடித்துத் திரும்பி ஓடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்த கணவர், "மடைப்பலகைக்கு அடியில தண்ணி பூந்து ஓடுற மாதிரி" என்றார். அதேதான். ரப்பர் வளையம் ஓரத்தில் விட்டுக்கொடுக்கிறது. ஆனால் போட்டு இரண்டு வாரம்கூட ஆகாத ரப்பர் எப்படி விட்டுக்கொடுக்கும்? அதற்குப் பதில் தெரியாமலே நோட்டை மூடினேன்.

அடுத்த கல்யாணம் அதிராம்பட்டினத்தில். பதினோரு மணிக்கு நிக்காஹ். எட்டு மணிக்குள் பெண் முன்னால் நான் இருக்க வேண்டும். விடிவதற்கு முன்பே நானும் என்னோடு வேலை செய்கிறவளும் கிளம்பினோம். ஒரத்தநாடு தாண்டும்வரை வண்டி ஒத்துழைத்தது. ஒவ்வொரு கியருக்கும் இரண்டு மிதி மிதித்துச் சமாளித்தேன். பட்டுக்கோட்டையைக் கடந்து ஒரு மைல் போயிருப்போம். குறுக்கே ஆட்டுக்கூட்டம் வர, கியரை விடுவித்து நிறுத்தினேன். ஆடுகள் போயின. கிளட்சை மிதித்தேன். பெடல் தரையில் போய் ஒட்டிக்கொண்டது. திரும்ப மேலே வரவே இல்லை. குனிந்து கையால் இழுத்தேன். வந்தது, மிதித்தால் உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி தொய்ந்து விழுந்தது. எஞ்சின் ஓடும்போது எந்தக் கியரும் விழவில்லை.

மணி ஏழு ஐந்து.

"அக்கா, ஆட்டோ கிடைக்குமான்னு பாக்கட்டுமா?" என்று அவள் இறங்கப் போனாள்.

"ரெண்டு பெட்டி, ஸ்டாண்டு, லைட்டு எல்லாம் ஆட்டோவுல ஏறாது. ஒக்காரு."

கணவரின் டிராக்டரில் ஒருமுறை கிளட்ச் போனபோது, கியரிலேயே வைத்து ஸ்டார்ட் செய்து வீடுவரை கொண்டுவந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் செய்ய முடிந்ததை நான் ஏன் செய்ய முடியாது? எஞ்சினை அணைத்தேன். அணைத்த வண்டியில் முதல் கியர் சாதுவாக விழுந்தது. முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேரம் பார்த்துச் சாவியைத் திருகினேன்.

வண்டி தவளை மாதிரி ஒரு தாவல் தாவியது. இன்னொன்று. மூன்றாவது தாவலில் எஞ்சின் பிடித்துக்கொண்டது, ஓட ஆரம்பித்தோம். பக்கத்தில் இருந்தவள் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். வேகம் கொஞ்சம் ஏறியதும் ஆக்சிலேட்டரை விட்டுக் கியரை நடுவுக்கு இழுத்தேன். எஞ்சின் சத்தம் தணிகிறவரை காத்திருந்து, இரண்டாம் கியர் பக்கம் கம்பியைத் தள்ளாமல் சும்மா சாய்த்துவைத்தேன். எஞ்சினும் சக்கரமும் ஒரே வேகத்துக்கு வந்த அந்த நொடியில் அது தானாக வழுக்கி உள்ளே போனது. சத்தமே இல்லை.

"ஏய், விழுந்திருச்சுடி!" என்று கத்தினேன்.

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, "என்னக்கா விழுந்துச்சு?" என்றாள்.

மீதித் தூரம் முழுக்க இரண்டாம் கியர்தான். சைக்கிளில் போகிறவர்கள்கூட எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். உப்புக்காற்று முகத்தில் அடித்தபோது ஊர் நெருங்கிவிட்டது தெரிந்தது. மண்டபத்துக்கு முன்னால் கியரை நடுவுக்கு இழுத்து, வந்த வேகத்திலேயே உருட்டி, சரியாக வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஏழு நாற்பத்தைந்து.

வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவர் ஓடிவந்தார். ஐம்பது வயதுக்காரர், வெள்ளைக் கைலி, தோளில் துண்டு. பெண்ணின் அப்பாவுக்கு நண்பர். மீன்பிடி படகுகளுக்கு எஞ்சின் வேலை பார்க்கிறவர் என்பது பிறகு தெரிந்தது.

"ஏம்மா, வண்டி ஒரு மாதிரி உருண்டு வருதே?"

"கிளட்ச் சுத்தமா போயிருச்சுண்ணே. பட்டுக்கோட்டையிலேர்ந்து கிளட்ச் இல்லாமத்தான் வர்றேன்."

அவர் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மொதல்ல போயி பொண்ணப் பாருங்க. வண்டி எங்கயும் ஓடிப்போவாது" என்று சொல்லி, அவரே இரண்டு பேரைக் கூப்பிட்டுப் பெட்டிகளை மாடிக்கு ஏற்றினார்.

அந்தப் பெண்ணின் முகத்தை நான் மறக்க மாட்டேன். நல்ல மாநிறம், மருதாணிக் கைகள், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. ஒரு கோடு பிசகாமல் மை ஓடியது. பத்து மணிக்கு அவள் அம்மா வந்து பார்த்து, வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு அப்படியே நின்றார். அது போதும் எனக்கு.

கீழே இறங்கி வந்தபோது படகு மெக்கானிக் பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். என் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எழுதி வேற வச்சிருக்கீங்களா! சரி, மேல தப்பா கீழ தப்பான்னு மொதல்ல பிரிப்போம்" என்றார். டப்பாவில் ஆயில் இருந்ததால் பெடலைக் கையால் இழுத்து இழுத்து இருபது முப்பது முறை மிதிக்கச் சொன்னார். கொஞ்சம் இறுக்கம் திரும்பியது. பிறகு இரண்டு சிலிண்டருக்கும் நடுவே போகிற ரப்பர் குழாயில் துண்டைச் சுற்றி, அதன்மேல் பூட்டிக்கொள்கிற குறடு ஒன்றால் நெரித்துப் பிடித்தார்.

"இப்ப மிதிச்சுப் புடிங்க. கீழ உள்ள சிலிண்டருக்கு ஆயில் போவ வழியில்ல. பெடல் கல்லாட்டம் நின்னா மேல நல்லாருக்கு, தப்பு கீழ. எறங்குனா மேலதான் தப்பு."

மிதித்துப் பிடித்தேன். மெல்ல, ஆனால் நிச்சயமாக, பெடல் இறங்கியது.

"மேலதான்ணே. எறங்குது."

"புது சிலிண்டருன்னீங்க?"

"ரெண்டு வாரம்கூட ஆகல."

"அப்ப டூப்ளிகேட்டு சாமான் போட்டிருப்பாங்க."

அவர் அப்படிச் சொன்னதும் அதோடு விட்டிருக்கலாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. பழைய சிலிண்டரும் இதே மாதிரிதான் போனது. இரண்டும் ஒரே நோயில் போயிருக்கின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவாக இருந்தது எது? டப்பாவும் அதில் இருக்கும் ஆயிலும்தான். அவை மட்டும் மாறவே இல்லை. டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தேன். மூடிக்கு உள்பக்கம் மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் இருந்தது. அது மூடிக்குள் அடங்காமல், ஓரமெல்லாம் நெளிந்து, உப்பிப் பிதுங்கியிருந்தது. விரலால் தொட்டேன். கொழகொழவென்று இருந்தது.

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

காரில் இல்லை, என் பெட்டியில். மேக்கப்பைக் கலைக்கிற எண்ணெயில் ரப்பர் ஸ்பாஞ்ச் ஒன்று ஒரு வாரம் ஊறிக் கிடந்தது. எடுத்துப் பார்த்தபோது ஒன்றரை மடங்கு உப்பி, இதே போல நெளிந்து, தொட்டால் பிய்ந்து வந்தது. அன்றிலிருந்து என் பெட்டியில் எண்ணெயும் ரப்பரும் ஒரே அறையில் இருக்காது.

"அண்ணே, கிளட்ச் ஆயில் ரப்பர உப்ப வைக்குமா?"

"ஆயிலுன்னு சொல்றதுதான், அது எண்ணெயே இல்லம்மா. பிரேக்குக்கு ஊத்துறதுதான் இதுக்கும். அதுல ரப்பர் வருஷக்கணக்கா கெடக்கும், ஒண்ணும் ஆவாது. நெஜ எண்ணெய் பட்டாத்தான் உப்பும்."

சட்டென்று எனக்கு நினைவு வந்தது. ஆனி மாதம் வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றப் பானெட்டைத் திறந்தபோது இந்த டப்பாவில் கோட்டுக்குக் கீழே இருந்தது. என் கார் 'ஹைட்ராலிக் கிளட்ச்' என்று வாங்கும்போதே சொல்லியிருந்தார்கள். டிக்கியில் கணவரின் டிராக்டருக்கு வாங்கிய கேன் இருந்தது. கேனின்மேல் 'ஹைட்ராலிக் ஆயில்' என்று பெரிதாக எழுதியிருந்தது. இரண்டும் ஹைட்ராலிக். எல்லோர் வாயிலும் அதன் பெயர் கிளட்ச் ஆயில். சந்தேகப்பட எனக்கு என்ன இருந்தது? பொறுப்பாக, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றி மூடியிருந்தேன்.

ஆனால் ஊகம் போதாது. மணப்பெண் முகத்தில் நான் ஊகத்தை வைத்து எதையும் தடவுவதில்லை. மாடிக்கு ஓடி இரண்டு கண்ணாடி டம்ளரும் தண்ணீரும் ஒரு சொட்டுக்குழலும் கொண்டுவந்தேன். படகு மெக்கானிக் அண்ணன் தன் வண்டியிலிருந்து சீல் உடைக்காத பிரேக் ஆயில் பாட்டில் ஒன்றை எடுத்துவந்தார். முதல் டம்ளரில் அந்தப் புதியதில் நான்கு சொட்டு விட்டேன். தண்ணீரோடு கலந்து, இருந்த இடம் தெரியாமல் போனது. இரண்டாவது டம்ளரில் என் டப்பாவின் மேற்பரப்பிலிருந்து உறிஞ்சி நான்கு சொட்டு விட்டேன். அவை வட்டம் வட்டமாக மேலே மிதந்தன. வெயிலில் வானவில் நிறம் காட்டின. கலக்கினேன். உடைந்து, சின்னச் சின்ன வட்டங்களாகி, மறுபடி மேலே வந்து சேர்ந்துகொண்டன.

அண்ணன் குனிந்து இரண்டு டம்ளரையும் வெகுநேரம் பார்த்தார்.

"முப்பது வருஷமா எஞ்சின் பாக்குறேன். இப்படி ஒருத்தரும் எனக்குக் காட்டுனதில்ல" என்றார்.

"ஊத்துனது நான்தாண்ணே."

"இருக்கட்டுமே. கண்டுபுடிச்சதும் நீங்கதான்."

நான் அங்கேயே, பிரியாணி மணம் மூக்கைத் துளைக்கிற அந்த வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். கிட்டத்தட்ட மூன்று வாரமாக என்னை ஆட்டிவைத்தது இரண்டு டம்ளர் தண்ணீரில் பிடிபட்டுவிட்டது. என் கால் இல்லை, நான் ஓட்டுகிற விதம் இல்லை, பெண் ஓட்டினதால் இல்லை. தவறான எண்ணெய். அவ்வளவுதான்.

நிக்காஹ் முடிந்து சாப்பிட்ட பிறகு, அண்ணன் டப்பாவைச் சுத்தமாக வழித்துத் துடைத்தார். புதியதை ஊற்றி, பழையதைக் கீழ்முனையில் வெளியே விட்டுக் காற்றையும் எடுத்தார். பெடல் ஓரளவு நின்றது. "ரப்பரெல்லாம் கெட்டுப்போச்சு. இன்னைக்கு வீடு போய்ச் சேந்துரும். அதுக்குமேல நம்பாதீங்க" என்றார். அந்த உப்பிய மூடி ரப்பரை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தஞ்சாவூர்ப் பட்டறைக்குள் நுழைந்தபோது என் மெக்கானிக் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். நான் பேசுவதற்கு முன் இரண்டு டம்ளரை அவர் மேஜையில் வைத்தேன். அதிராம்பட்டினத்தில் டப்பாவிலிருந்து சின்னப் புட்டியில் பிடித்து வைத்திருந்த பழைய ஆயிலை ஒன்றிலும், அவர் அலமாரியில் இருந்த புதியதை மற்றொன்றிலும் சொட்டினேன். பிறகு உறையைப் பிரித்து ரப்பரை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் அதை விரலால் அழுத்திப் பார்த்தார். உள்ளே போய், என் வண்டியிலிருந்து முன்பு கழற்றிப் போட்ட பழைய சிலிண்டரைத் தேடி எடுத்துவந்து, அங்கேயே பிரித்தார். உள்ளேயிருந்த ரப்பர் வளையம் ஊறிய அப்பளம் மாதிரி தளர்ந்து, ஓரம் கிழிந்து வெளியே வந்தது.

"மூடியத் தொறந்துதான் ஆயில் ஊத்துனேன்" என்றார் மெதுவாக. "ரப்பரப் பாக்கல. பழைய ஆயிலயும் எடுக்கல, அது மேலயே ஊத்திட்டேன். புதுசையும் அதான் தின்னுருக்கு."

"எண்ணெய ஊத்துனது நான்தான். டிராக்டர் கேன்லேர்ந்து."

"அது தெரியாம செஞ்சது மேடம். நான் தெரிஞ்சவன்." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கால வச்சிக்கிட்டு ஓட்டுறீங்கன்னு சொன்னேன். அது தப்பு. மனசுல வச்சிக்காதீங்க."

மனசில்தான் வைத்திருந்தேன், நாலைந்து நாளாக. அவர் அப்படிச் சொன்னதும் அது கரைந்து போனது. "வேலைய ஆரம்பிங்க" என்றேன்.

மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர், நடுவில் இருந்த குழாய், டப்பா என்று ரப்பர் பட்ட எல்லாவற்றையும் மாற்றினார். இரும்புக் குழாயைப் புது ஆயில் விட்டு மூன்று முறை அலசினார். நான்காம் முறை வெளியே வந்ததைத் தண்ணீரில் சொட்டிப் பார்த்தோம். கலந்தது. கடைசியாகக் காற்று எடுக்கிற வேலை. பெடலை மிதிக்க யாரையோ கூப்பிடப் போனவரைத் தடுத்து நானே ஏறி உட்கார்ந்தேன். அவர் வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு குரல் கொடுத்தார்.

"மிதிங்க... புடிங்க!"

"புடிச்சிருக்கேன்!"

"விடுங்க. மறுபடி... புடிங்க! இன்னும் குமிழ் வருது. விடுங்க."

பத்துத் தடவை, பதினைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் என் காலுக்குக் கீழே பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் பெற்றது. இருபதாவது முறை மிதித்தபோது அது என் பாதத்தை எதிர்த்து நின்றது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று நிமிடம் பிடித்தேன். அசையவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு ரிவர்ஸ் போட்டேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழுந்தது. கீழேயிருந்து வெளியே வந்த மெக்கானிக் முகமெல்லாம் கறுப்பாக, பல் தெரியச் சிரித்தார்.

வழக்கமாகத் தஞ்சாவூரில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாட்டிக்கொள்ளக் கூடாது என்று சுற்றுவழியில் ஊருக்கு வெளியே போய்விடுவேன். பள்ளிக்கூடம் விடுகிற நேரம், பஸ், ஆட்டோ, வேன் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நிற்கும். அன்று வேண்டுமென்றே பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திருப்பினேன்.

"அக்கா, இந்தப் பக்கம் ஏன் போறீங்க? நகரவே முடியாதே" என்றாள், காலையில் என்னோடு பட்டறைக்கு வந்திருந்த என் வேலைக் கூட்டாளி.

"அதுக்குத்தான் போறேன்."

நின்றேன், நகர்ந்தேன், நின்றேன். முதல் கியர், கிளட்ச், ஒரு அடி, மறுபடி கிளட்ச். நாற்பது தடவையாவது மிதித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அது சொன்னபடி கேட்டது. மேம்பாலத்து ஏற்றத்தில் வரிசை நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் ஒரு பஸ், மூக்கு உரசுகிற தூரத்தில். கைபிரேக்கைத் தொடவில்லை. கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து, ஏற்றத்தின் நடுவில் காரை அப்படியே நிறுத்திவைத்தேன். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் உருளவில்லை. காவேரிப் பக்கமிருந்து வந்த காற்று ஜன்னல் வழியே நுழைந்தது. என்னோடு இருந்தவள் சத்தமாகப் பாட ஆரம்பித்தாள். வரிசை நகர்ந்ததும், ஒரு குலுக்கல்கூட இல்லாமல், நானும் பாடிக்கொண்டே மேலே ஏறினேன்.